போர்க்கப்பலைச் சாய்த்த பொங்கல் பிக்னிக்

ஹூஸ்டன் பக்கம் எந்தத் தமிழர் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் சாப்பாட்டுத் தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். "ஆன்ட்டி, நீங்க ஒரு பேட்டில்ஷிப்பையே கவுத்துட்டீங்களாமே?" என்று ஆரம்பிக்கிறார். கவிழ்க்கவில்லை, சாய்த்தோம். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்குப் போட்டுத்தான் நான் என் உத்தியோக வாழ்க்கை முழுவதையும் கழித்தேன்.

ஊர் சுற்றியதில் கதைக்குக் கண், காது, மூக்கு எல்லாம் வைத்துவிட்டார்கள். ஒருவர் கப்பலில் ஆயிரக்கணக்கான தமிழர்கள் ஏறினார்கள் என்கிறார். இன்னொருவர் பீரங்கி மேல் கோலம் போட்டோம் என்கிறார். போன வாரம் ஒரு வளைகாப்பில், சாம்பார் அண்டா உருண்டதால்தான் கப்பல் சாய்ந்தது என்று எனக்கே ஒரு அம்மாள் விளக்கினார். சாம்பார் நிரபராதி. அதை நிரூபிக்கவாவது நான் எழுதியாக வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. என் பழைய கம்பெனியில் இப்போது சாய்வைப் பார்க்க ஒரு சின்னப் பெட்டியை வைத்துவிடுகிறார்களாம். எண்கள் தானாகக் கம்ப்யூட்டருக்குப் போய்விடுகின்றனவாம். அங்கே புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், "தூக்குக்குண்டு தொங்கவிட்டா பார்த்தீங்க? சீரியஸ்லி?" என்று என்னைப் பார்த்துக் கண்ணை விரித்தாள். ஆமாம் கண்ணே. அதுவும் நல்லெண்ணெயில்.

நான் கப்பல் பொறியாளர். சென்னையில் படித்தேன், வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். அப்புறம் கல்யாணம், டெக்சாஸ், மேல்படிப்பு, குழந்தைகள், கிரீன் கார்டுக்குக் காத்திருந்த வருடங்கள். இது எல்லார் வீட்டிலும் நடந்த கதைதான், விட்டுவிடுகிறேன். கடைசியில் சுகர் லேண்டில் வீடும், ஃப்ரீவேயில் உயிரைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்கிற தூரத்தில், துறைமுகத்தை ஒட்டி, ஒரு சின்னக் கம்பெனியில் வேலையும் அமைந்தன. மிதக்கிற எதையும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு இழுத்துப் போவதுதான் எங்கள் தொழில். பழைய எண்ணெய் மேடை, ஓட்டைத் தோணி, இன்ஜின் செத்த சரக்குக் கப்பல், எதுவானாலும் சரி. அவற்றுக்கெல்லாம் நான் பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: சாய்ந்தால் திரும்ப நிமிருமா?

முதலாளி ஹேங்க், ஆறடிக்கு மேல் உயரமான டெக்சாஸ்காரர். வார்த்தைக்குக் காசு கட்டுகிறவர் மாதிரிப் பேசுவார். யார் எந்தக் கணக்கைக் கொண்டுபோனாலும் மூன்று கேள்விதான் கேட்பார்: எவ்வளவு எடை? எங்கே இருக்கிறது? நகருமா? மூன்றுக்கும் பதில் இருந்தால், நம் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தனியாக வேறொரு தாளில் பென்சிலால் அந்தக் கணக்கையே முதலிலிருந்து போடுவார். இரண்டு விடையும் ஒத்துப்போனால் கையெழுத்து. 'இல்லை' என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. தொப்பியைக் கழற்றி மேஜையில் வைப்பார், அவ்வளவுதான். தொப்பி மேஜைக்கு வந்துவிட்டால் அந்த வேலை முடிந்தது, வீட்டுக்குப் போகலாம்.

இனி கப்பலுக்கு வருகிறேன். பெயர் வேண்டாம். அந்தக் காலத்து அமெரிக்கப் போர்க்கப்பல்களுக்கெல்லாம் ஏதாவது ஒரு மாநிலத்தின் பெயர்தான், அதில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹேங்க் அதை 'ஓல்ட் லேடி' என்பார். நான் 'பெரியம்மா' என்பேன்.

பெரியம்மா முதல் உலகப்போருக்குச் சற்று முன்னால் பிறந்தவள். ஐந்து இரட்டைப் பீரங்கிக் கூடுகள், பத்துப் பீரங்கிகள். ஒவ்வொரு குழாயிலும் ஒரு குழந்தை தவழ்ந்து போகலாம். காகிதத்தில் வரைந்தபோது அவளை விஞ்ச ஆளில்லை, கடலில் இறங்கிச் சில வருடத்துக்குள் அவளைவிடப் பெரியவை வந்துவிட்டன. இன்றைக்கு ஃபோன் வாங்குகிறவர்களுக்கு இந்த வேதனை புரியும். டர்பைன் என்கிற சுழல்விசை இயந்திரங்கள் வந்துவிட்ட காலத்தில், ஏறி இறங்கும் பழைய பிஸ்டன் நீராவி இயந்திரத்தைத்தான் அவளுக்குப் பொருத்தினார்கள். அந்த இயந்திர அறையில் நின்றால் மூன்று மாடி உயரத்துக்கு இரும்புத் தோள்கள் தெரியும். முதலில் கரி தின்றாள், பிறகு எண்ணெய்க்கு மாறினாள். கூடை முடைந்த மாதிரி இருந்த கோபுரங்களைப் பிடுங்கிவிட்டு முக்காலிக் கோபுரம் வைத்தார்கள். டார்பீடோ அடித்தால் தாங்குவதற்காக இரண்டு பக்கமும் இடுப்பில் டயர் கட்டியது போல வெற்று அறைகளை ஒட்டினார்கள். அடுத்த போரில் விமானத்தைச் சுடும் துப்பாக்கிகளை மேலே மேலே ஏற்றினார்கள். அந்தப் போரில் கரைக்குள் ரொம்பத் தூரத்தில் இருந்த இலக்கை எட்ட, பீரங்கி போதுமான அளவு மேலே எழும்பவில்லையாம். ஒரு பக்கத்து டயர் அறைக்குள் வேண்டுமென்றே தண்ணீரை விட்டுக் கப்பலையே சாய்த்து, அந்தச் சாய்வில் சுட்டார்கள். இந்த வரலாற்றை முதலில் படித்தபோது ஆபீஸிலேயே கைதட்டினேன். என் தொழிலில் எல்லாரும் பயப்படுகிற ஒன்றை அவர்கள் ஆயுதமாக்கியிருந்தார்கள்!

டெக்சாஸ் வந்த புதிதில் வேலைக்கு அனுமதி இல்லாமல் வீட்டில் அடைந்து கிடந்தபோது, இந்த ஊரில் எனக்குத் தெரிந்த ஒரே ஆள் பெரியம்மாதான். அப்போதே அவள் அருங்காட்சியகம். டிக்கெட் எடுத்துக்கொண்டு உள்ளே போனால் யாரும் என் விசாவைப் பற்றிக் கேட்க மாட்டார்கள். இரும்புப் படிகளில் இறங்கி, நான் படித்த பாடம் இன்னும் மறக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு வருவேன். அவளை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

அந்தப் பெரியம்மா என் கடைசி வேலையாக வந்தாள். அடியில் துரு தின்று, நின்ற இடத்திலேயே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். தண்ணீரை வடித்துவிட்டுக் கப்பலை உட்காரவைக்கிற உலர்துறைக்கு இழுத்துப்போய்ப் பழுது பார்க்க ஏற்பாடாகியிருந்தது. அந்தத் துறையில் இடம் கிடைத்தது ஒரே ஒரு தவணைக்குத்தான். அதற்குள் போகாவிட்டால், இருக்கிற இடத்திலேயே வெட்டிப் பழைய இரும்பாக்குவது என்று முடிவு. இழுத்துப்போகும் வழியில் கவிழ மாட்டாள் என்று ஹேங்க் கையெழுத்துப் போட்டால்தான் இழுவைப் படகுகள் கயிற்றைத் தொடும்.

இதில் சிக்கல் என்னவென்றால், அவள் உடம்பின் கனம் இப்போது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பழைய வரைபடம் பொய் சொல்லும். அதற்குப் பிறகு எத்தனை அடுக்குப் பெயின்ட், தளத்தில் எவ்வளவு சிமென்ட், கழற்றிய சாமான் எவ்வளவு! கனம் கீழே இருந்தால் கெட்டி. மேலே ஏறியிருந்தால் ஆபத்து. கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. பரிசலில் போனவர்களுக்கு இது தெரியும்: ஒரு ஆள் ஓரத்துக்கு நகர்ந்தால் எவ்வளவு சாய்கிறது என்பதை வைத்தே அதை நம்பலாமா என்று சொல்லிவிடலாம். அதேதான். தெரிந்த எடையைத் தளத்தின் குறுக்கே நகர்த்துவோம், சாய்வை அளப்போம். கொஞ்ச எடைக்கே நிறையச் சாய்ந்தால் கப்பல் சோனி. நிறைய எடை வைத்தும் கொஞ்சமாகச் சாய்ந்தால் திடம்.

வழக்கமாக சிமென்ட் கட்டிகளைக் கிரேன் வைத்து நகர்த்துவார்கள். பெரியம்மாவைச் சுற்றிச் சேறு, கிரேன் படகு கிட்டே வராது. கட்டியை வைத்தால் மரத்தளம் உடைந்து உள்ளே போய்விடும். ஹேங்க் யோசித்துவிட்டு, "மனிதர்கள்" என்றார். மனிதர்களை நிறுத்தியும் இந்தச் சோதனை செய்வதுண்டு, பெரும்பாலும் சின்னப் படகுகளில்.

"இத்தனை பெரிய கப்பலுக்கு எத்தனை பேர் வேண்டும்?" என்றேன்.

"இருநூறு பேராவது. நிதானத்தில் இருக்கிறவர்கள், சொன்ன இடத்தில் நிற்கிறவர்கள். எங்கே கிடைப்பார்கள்?"

"ஒரு வாட்ஸாப் மெசேஜில் வருவார்கள். சாப்பாடு மட்டும் நாங்களே கொண்டுவருவோம்" என்றேன். நிதானத்துக்கு நான் பொறுப்பேற்றேன். சொன்ன இடத்தில் நிற்பதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

எங்கள் தமிழ்ச் சங்கத்தில் சாப்பாட்டுப் பொறுப்பு சரோஜாக்காவுடையது. மதுரைக்காரர், ஆஸ்பத்திரியில் ஹெட் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கூட்டத்தைக் கண்ணாலேயே வரிசையில் நிறுத்துவார். அவருக்குத்தான் முதலில் ஃபோன் செய்தேன்.

"சரோஜாக்கா, இந்த வருஷம் பொங்கல் பிக்னிக்கை பேட்டில்ஷிப்ல வெச்சுக்கலாமா? கொஞ்சம் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் நடக்கணும், அவ்ளோதான்."

"டாய்லெட் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப வர்றோம். நடக்கறதுக்கு எதுக்குடி கப்பல், மாலுக்கே போலாமே?"

"கப்பலைச் சாய்க்கணும்கா."

பேனாவும் பேப்பரும் தேடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "எத்தனை பேரைக் கூட்டிட்டு வரட்டும்?" என்றார். குரலில் ஒரு இருபது வயது குறைந்திருந்தது.

கடல்மட்டம் உயர்ந்து ஓதம் ஏறும் நேரத்தில் மட்டும்தான் பெரியம்மா சேற்றை விட்டு முழுசாக மிதப்பாள். நம்மவர்களின் நேரம் தவறாமை எனக்குத் தெரியும் என்பதால், வேண்டிய நேரத்துக்கு இரண்டு மணி முன்னதாகவே வரச் சொல்லி மெசேஜ் போட்டேன். சரியாக எனக்கு வேண்டிய நேரத்துக்கு பஸ்கள் வந்து நின்றன. என் வாழ்நாளில் இவ்வளவு துல்லியமாக எந்தக் கணக்கும் வந்ததில்லை.

ஜனவரிக் குளிர். பட்டுப்புடவைக்கு மேல் தடித்த ஜாக்கெட், தோளில் பை, பைக்குள் பிளாஸ்க், இடுப்பில் குழந்தை. வேஷ்டிக்குக் கீழே வெள்ளை ஷூ. கப்பலில் ஏறும் பாலத்தின் முன்னால் ஒரு மேடைத் தராசு போட்டு, பாலா என்ற சாஃப்ட்வேர் பையனை லேப்டாப்போடு உட்காரவைத்திருந்தோம். ஒவ்வொருவரும் தராசில் ஏறி இறங்கிக் கப்பலுக்குப் போக வேண்டும். பெண்கள் கேட்டுக்கொண்டபடி, தராசின் முகப்பை பாலா தவிர யாரும் பார்க்க முடியாதபடி அட்டை வைத்து மறைத்தாயிற்று. நான் அவர்கள் ஏறுவதைப் பார்க்கவில்லை. அதற்கு முன்பே கப்பலின் வயிற்றுக்குள் இறங்கிவிட்டேன்.

குண்டுகளை மேலே தூக்கிப் போகிற ஆழமான தண்டுக்குழி ஒன்று உண்டு. அதன் உச்சியிலிருந்து நீளமான கம்பியில் தூக்குக்குண்டு தொங்கவிட்டிருந்தோம். கீழே ஒரு மரச்சட்டம். கப்பல் சாய்ந்தால் கம்பி சட்டத்தில் நகரும், அதைப் பென்சிலால் குறிக்க வேண்டும். குண்டு ஆடிக்கொண்டே இருக்கக் கூடாது என்பதற்காக எண்ணெய் நிறைந்த வாளிக்குள் அதை மூழ்க வைப்போம். வாளி இருந்தது, எண்ணெயைக் கொண்டுவரவேண்டியவர் மறந்துவிட்டார். ஓதமோ ஏறிக்கொண்டிருக்கிறது. வாக்கிடாக்கியில் கத்தினேன். இட்லிப் பொடிக்கு என்று சரோஜாக்கா வைத்திருந்த நல்லெண்ணெய் டின்கள் இறங்கி வந்தன. இரண்டு உலகப்போர் பார்த்த பீரங்கிக் குழி தலைமுழுகுகிற நாள் மாதிரி மணத்தது. ஹேங்க் மேலிருந்து குனிந்து மோந்து பார்த்து, "இது நகருமா?" என்றார். "குண்டு மட்டும்தான் நகரும், எண்ணெய் பிடித்துக்கொள்ளும்" என்றேன். தலையை ஆட்டினார்.

அடுத்த கவலை, கூட்டத்தை அசையாமல் நிறுத்துவது. ஹேங்க் ஒலிபெருக்கியில் மரியாதையாக இரண்டு தடவை சொன்னார். நம்மவர்கள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, நடந்துகொண்டே இருந்தார்கள். வெயில் தேடுகிறவர்கள், பீரங்கிக்குள் எட்டிப் பார்க்கிறவர்கள், தெரிந்தவர்களைக் கண்டுபிடித்துக் கட்டிக்கொள்கிறவர்கள். தமிழன் அசையாமல் நிற்கிற இடம் உலகத்தில் ஒன்றுதான் உண்டு. நான் வாக்கிடாக்கியில் சரோஜாக்காவைக் கூப்பிட்டு, "அக்கா, குரூப் ஃபோட்டோன்னு சொல்லுங்க" என்றேன்.

எங்கள் ஊர்க் கல்யாணங்களுக்கெல்லாம் படம் எடுக்கிற செல்வம் கேமராவோடு வந்திருந்தார். வாரநாளில் எண்ணெய்க் கம்பெனியில் புவியியல் நிபுணர், சனி ஞாயிறில் அவரை மிஞ்சிய சர்வாதிகாரி கிடையாது. "எல்லாரும் ரைட் சைடு ஓரமா வாங்க! உயரமானவங்க பின்னாடி! மாமா, வயித்தைப் பார்க்காதீங்க, கேமராவைப் பாருங்க! அசையாதீங்க, இன்னொன்னு... இன்னும் ஒரே ஒன்னு..." இருநூறுக்கும் மேற்பட்ட தமிழர்கள் மூச்சுக்கூட விடவில்லை. எனக்கு வேண்டிய அவகாசம் முழுவதும் கிடைத்தது.

கீழே நான் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது மெதுவாக, நல்லெண்ணெயைக் கிழித்துக்கொண்டு, சட்டத்தின் மேல் நகர்ந்தது. ஒரு விரல் அகலம் இருக்கும். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அத்தனை ஆயிரம் டன் இரும்பு, மாமியும் மாமாவும் குழந்தையும் நடந்துபோனதற்குத் தலைசாய்த்துக் கேட்கிறது! தனியாக அந்தக் குழிக்குள் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். பிறகு நடுவே ஒரு ஃபோட்டோ, இடதுபக்கம் ஒரு ஃபோட்டோ, மறுபடி நடுவே, மறுபடி வலது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பென்சில் கோடு.

மேலே ஒரு கேபினுக்கு வந்து கணக்குப் போட்டேன். புள்ளிகள் எல்லாம் நூல் பிடித்தது போல ஒரே நேர்கோட்டில் விழுந்தன. கூட்டம் ஒழுங்காக நின்றிருக்கிறது, தண்ணீர் உள்ளே அலையவில்லை. இத்தனை சுத்தமான சோதனையை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் கோடு சொன்ன விடை போதவில்லை. கொஞ்ச எடைக்கு அதிகமாகச் சாய்கிறாள். பெரியம்மா சோனி.

ஹேங்க் தன் தாளில் போட்டார். என் விடையே வந்தது. அடியில் கனம் சேர்த்துத் திடப்படுத்தலாமா என்றேன். இன்னும் ஆழமாக இறங்கிவிடுவாள், போகும் கால்வாயில் அடி தட்டும் என்று அவரும் நானும் ஒரே நேரத்தில் சொல்லிக்கொண்டோம். அவர் சன்னல் பக்கம் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

எனக்கு அழுகை வந்தது. இவ்வளவு சந்தோஷமாக வந்த ஜனங்களிடம், 'நீங்கள் நடந்ததில் தெரிந்தது இதுதான், இனி இவளை வெட்டப் போகிறார்கள்' என்று எப்படிச் சொல்வது? நன்றி சொல்லி அனுப்பலாம் என்று பாலத்தில் இறங்கினேன். கரையில் கூடாரத்தில் இலைத் தட்டுகளோடு வரிசை ஆரம்பமாகியிருந்தது. பாலத்தின் அடியில், ஃபோட்டோ செல்வமும் ஒரு இதய டாக்டரும் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சார், இது என் ஷூவே இல்ல. காலைலேர்ந்து கடிச்சுக்கிட்டே இருக்கு."

"நீங்கதானே முதல்ல எடுத்து மாட்டினீங்க? என் கால்ல இருக்கறதைப் பாருங்க, படகு மாதிரி லொடலொடங்குது."

கல்யாண மண்டபத்து வாசலில் தினமும் கேட்கிற சண்டை. இரண்டு அடி தாண்டிப் போய்விட்டேன். பிறகுதான் என் கால் நின்றது.

"செல்வம், ஷூவை எங்க கழட்டினீங்க?"

"எடை பார்க்கற இடத்துலதான்."

"யாரு கழட்டச் சொன்னா?"

"யாரும் சொல்லல. குவியலாக் கெடந்துச்சு. நாங்களும் கழட்டிட்டோம்."

எல்லாரும்? எல்லாரும். வாசலில் நாலு ஜோடி செருப்பைப் பார்த்தால் ஐந்தாவது ஆளின் கால் தானாகக் கழற்றிவிடும், மூளையைக் கேட்காது. நான் பாலாவைத் தேடி ஓடினேன். "பையெல்லாம் மாட்டிக்கிட்டுத்தானே ஏறினாங்க?" என்றேன்.

"இல்ல ஆன்ட்டி. பை, ஜாக்கெட் எல்லாம் கீழ வெச்சுட்டுத்தான் ஏறினாங்க. இறங்கினதும் எடுத்துக்கிட்டாங்க."

"கைக்குழந்தைங்க?"

"பக்கத்துல நிக்கறவங்ககிட்ட குடுத்துட்டு ஏறினாங்க."

"அந்தப் பக்கத்துல நின்னவங்க ஏறும்போது?"

"இவங்க திரும்ப வாங்கிக்கிட்டாங்க." சொல்லி முடித்த பிறகுதான் பாலாவுக்கே வாய் பிளந்தது. "ஐயையோ ஆன்ட்டி, ஒரு குழந்தைகூட கணக்குல வரல!"

நான் அவனைக் கட்டிக்கொண்டேன். தளத்தில் நடந்த எடை வேறு, நாங்கள் கணக்கில் எடுத்த எடை வேறு! அவளைச் சாய்த்தது இன்னும் அதிகக் கனம். அத்தனை கனத்துக்கும் அவ்வளவுதான் சாய்ந்தாள் என்றால் அவள் சோனி இல்லை. எவ்வளவு திடம் என்று சொல்ல, எல்லாரையும் மறுபடி எடைபோட வேண்டும். காலையில் இருந்தது போலவே, ஒரு கவளம் கூடாமல்.

கூடாரத்தை நோக்கி ஓடினேன். பசித்த தமிழ்க்கூட்டத்தின் முன்னால் நின்று இரண்டு கையையும் தூக்கி, "யாரும் சாப்பிடாதீங்க!" என்று கத்தினேன். அந்தச் சில நொடிகளில் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவே மாட்டேன். வெண்பொங்கலில் ஏதோ விழுந்துவிட்டது என்று நினைத்து சரோஜாக்கா கரண்டியோடு பாய்ந்து வந்தார்.

விஷயத்தைச் சொன்னேன். சரோஜாக்காவின் முகம் மாறியது. "முதல்ல ஏறினது நான்தான்டி" என்றார். "மெஷின் மேடை மாதிரி பளபளன்னு இருந்துச்சு, அதுல எப்படி செருப்புக் காலோட ஏறுறது? சரி, உண்மையையே சொல்லிடறேன். கொஞ்சம் வெயிட்டும் குறையட்டுமேன்னுதான்."

அதற்குள் ஹேங்க் இறங்கி வந்துவிட்டார். தலையில் தொப்பி இல்லை. மூச்சிரைக்கச் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "இப்போது கையில் இருப்பதுதான் தளத்தில் இருந்தது என்று எப்படித் தெரியும்?" என்றார். நியாயமான கேள்வி. செல்வம் ஒரு கால் தூக்கி நின்றபடியே கேமராவை நீட்டினார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒவ்வொருவரும் எந்தப் பையோடு, எந்தக் குழந்தையோடு, எந்த இடத்தில் நின்றார்கள் என்று துல்லியமாக இருந்தது. ஹேங்க் அந்தச் சின்னத் திரையை நெடுநேரம் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "யாராவது சாப்பிட்டுவிட்டார்களா?" என்றார்.

வரிசையின் முன்னால் இருந்த ஒரு பெரியவர் தயங்கிக் கையைத் தூக்கினார். வடை. எத்தனை? மூன்று.

"ஒன்று என்ன எடை?" என்று ஹேங்க் சிரிக்காமல் கேட்டார்.

"மத்தவங்க வடை எப்படியோ தெரியாது" என்றார் சரோஜாக்கா, "என் வடைக்கு வெயிட்டே கிடையாது." மொழிபெயர்த்தேன். ஹேங்க் மூன்று வடையைக் கழித்துக்கொள்ளச் சொன்னார். போர்க்கப்பலுக்கு முன்னால் மூன்று வடை தூசிகூட இல்லை என்று அவருக்கும் தெரியும். ஆனால் அது ஹேங்க்.

மறுபடி வரிசை என்றதும் பெண்கள் பக்கம் முணுமுணுப்பு. ஜாக்கெட், பை, பிளாஸ்க், பட்டுப்புடவை, குழந்தை எல்லாம் சேர்த்தா? "அட்டையை நல்லா மூடுங்க" என்றது ஒரு குரல். சரோஜாக்கா எல்லாரையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். செருப்பை மாட்டினார், ஜாக்கெட்டைப் போட்டார், தோளில் பையையும் அதற்கு மேல் பிளாஸ்க்கையும் மாட்டினார். தராசை நோக்கி நடந்து, அந்த அட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஏறி நின்றார்.

"எல்லாரும் பார்த்துக்கங்கடி" என்றார். "பாலா, சத்தமாப் படிடா."

பாலா படித்தான். அந்த எண்ணை நான் எழுத மாட்டேன். கூட்டம் கைதட்டியது பாருங்கள், தூரத்தில் நின்ற பறவைகளெல்லாம் எழுந்து பறந்தன. அதன்பிறகு ஒவ்வொருவர் எடைக்கும் கைதட்டல்தான். நூறு கிலோ தாண்டியவர்களுக்கு விசில். "நாட்டுக்காகத் தின்னு வளர்த்த உடம்பு இது" என்று வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒருவர் ஏறினார். குழந்தைகள் அம்மாவோடு ஏறி, அவரவர் பங்குக்கு அழுதன.

அங்கேயே, வடைத்தட்டுகளை ஒதுக்கிவிட்டு, மடக்கு மேஜையில் கணக்கைப் போட்டேன். விடை வந்தது. தேவைக்கு மேலே, மயிரிழைதான் மேலே, ஆனால் மேலே. என் தாளை ஹேங்க் கவிழ்த்து வைத்தார். தன் பென்சிலைக் கூர்மையாக்கினார். போட்டார். இருநூறு பேரும் ஃபோட்டோவுக்கு நின்றது போலவே அசையாமல் நின்றார்கள், பொங்கல் ஆறிக்கொண்டிருந்தது. பிறகு என் தாளைத் திருப்பி, தன் தாளுக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டையும் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். எழுந்து சரோஜாக்காவிடம் போய், இடுப்பு வரை குனிந்து, "மேடம், இப்போது எனக்கு ஒரு வடை கிடைக்குமா?" என்று கேட்டார். ஆறு தின்றார்.

இழுத்துப்போன நாளில் நானும் தளத்தில் இருந்தேன். அது வழக்கத்துக்கு மாறானது, ஆனால் நான் ஹேங்க்கை விடவில்லை. கரை நெடுக ஜனம். இழுவைப் படகுகள் கயிற்றை இறுக்கியதும் பெரியம்மா சேற்றைவிட்டு உருவிக்கொண்டு வந்தாள். அவள் நின்றிருந்த குறுகிய இடத்திலிருந்து பெரிய கால்வாய்க்குள் திருப்ப வேண்டும். முன்னால் ஒரு படகு பக்கவாட்டில் இழுக்க, பின்னால் ஒன்று தள்ள, அவள் சாய ஆரம்பித்தாள்.

சாய்வு என் காலில் தெரிந்தது. பக்கத்தில் இருந்த கம்பியைப் பிடித்தேன். இன்னும் சாய்ந்தாள். எண்ணெல்லாம் சரிதான், மூன்று தடவை பார்த்தாயிற்று. ஆனாலும் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டேன். படகுகள் இழுப்பதை நிறுத்தின. அவள் அப்படியே நின்றாள். ஒரு கணம் எதுவுமே நடக்கவில்லை. பிறகு, அவசரமே இல்லாமல், பெரியம்மா நிமிர்ந்தாள். முழுசாக, நேராக, தலையைத் தூக்கி நிமிர்ந்தாள்.

நான் "ஓ!" என்று கத்திக்கொண்டு, ரிட்டையர்மென்டுக்குப் பத்தே நாள் இருக்கிற கிழவி, அந்த மரத்தளத்தில் எம்பிக் குதித்தேன்.

"குதிக்காதே" என்றார் ஹேங்க், முன்னால் கால்வாயைப் பார்த்தபடியே. "நீ இந்தக் கப்பலில் ஒரு எடை. அளவு மாறிவிடும்."

மறுபடியும் குதித்தேன்.